தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்த ஆண்டு

2008 நவம்பர் 4-ஆம் தேதி பராக் ஒபாமா அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று இரவு சிகாகோவின் கிராண்ட் பார்க் பூங்காவில் திரண்டவர்கள் அழுதும் சிரித்தும் கொண்டாடியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த மாதம் இன்னொரு கூட்டமும் சேர்ந்தது. அந்தப் பக்கம் அவ்வளவு கேமராக்கள் போகவில்லை. அது துப்பாக்கிக் கடைகளில் சேர்ந்த கூட்டம்.

உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்க வருபவருக்குக் குற்றப் பின்னணி உண்டா என்று அமெரிக்கக் கடைக்காரர்கள் எஃப்.பி.ஐ. பராமரிக்கும் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2007 நவம்பரில் அப்படி நடந்த சரிபார்ப்புகள் 10,79,923. ஒபாமா வென்ற 2008 நவம்பரில் 15,29,635. ஒவ்வொரு சரிபார்ப்பும் ஒரு விற்பனை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது தெரிகிறது. புதிய அதிபர் பதவியேற்கவே இன்னும் பதினோரு வாரம் இருந்தது. அவர் தரப்பில் ஒரு சட்டம் வரவில்லை, மசோதாகூட இல்லை. வேட்டை, துப்பாக்கித் தொழில் பற்றிய செய்தி இதழ் ஒன்று அந்த ஆண்டின் 'சிறந்த துப்பாக்கி விற்பனையாளர்' என்று ஒபாமாவுக்கே பட்டம் சூட்டியது. கிண்டல்தான், ஆனால் கணக்குப்படி சரியான கிண்டல்.

2009 வசந்த காலத்துக்குள் துப்பாக்கி கிடைத்தது, தோட்டா கிடைக்கவில்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய கைத்துப்பாக்கிகளுக்கான .380 ரகத் தோட்டா பல ஊர்களில் கண்ணிலேயே படவில்லை. சில கடைகள் ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று ரேஷன் வைத்தன. ரேஷன் வைத்தார்கள் என்ற செய்தி பரவியதும், அன்றுவரை வாங்காதவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். உப்புக்குத் தட்டுப்பாடு என்று ஒரு வதந்தி கிளம்பினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

இந்தச் சூழலில்தான் பித்தளைக் கதை வந்தது. ஒரு தோட்டாவில் விலை கூடிய பாகம் அதன் பித்தளைக் கூடு. சுட்ட பிறகு கீழே விழும் கூட்டைப் பொறுக்கி, மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்தலாம். ராணுவப் பயிற்சிக் களங்களில் குவியும் வெற்றுக் கூடுகளை அரசு விற்கும். சிறு நிறுவனங்கள் வாங்கி மறுதோட்டா செய்யும். 2009 மார்ச்சில் இந்தக் கூடுகளை நசுக்கி உருத்தெரியாமல் ஆக்கித்தான் விற்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறையின் ஒரு பிரிவு உத்தரவிட்டது. துப்பாக்கியைத் தொட முடியாதவர்கள் தோட்டாவின் கழுத்தை நெரிக்கிறார்கள் என்று நாடெங்கும் கொதிப்பு கிளம்பியது. மொன்டானா மாநிலத்தின் இரு செனட்டர்கள், மாக்ஸ் பாக்கஸும் ஜான் டெஸ்டரும், எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுத, சில நாட்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த இருவருமே ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அரசாங்கம் தோட்டாவுக்கு வரி போட்டுவிடும் என்று அஞ்சிப் பெட்டி பெட்டியாக வாங்கியவர்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஏற்கெனவே வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் மத்திய வரி உண்டு. தயாரிப்பாளர் கட்டுவதால் விலைக்குள்ளேயே அது ஒளிந்திருக்கும். அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்குப் போகிறது. ஒபாமா மீதான பயத்தால் மானும் காட்டு வான்கோழியும் பிழைத்தன என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சம்தான்.

இவ்வளவு பயத்துக்குக் காரணம் என்ன? அமெரிக்கப் பழமைவாதி என்றால் சாதி, சடங்கு விஷயத்தில் பழமை பேசுபவர் என்று எண்ணிவிடக் கூடாது. அரசாங்கம் சிறிதாக இருக்க வேண்டும், வரி குறைவாக இருக்க வேண்டும், துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை என்பவை அவரது அடிப்படைகள். அந்த உரிமை தனிமனிதருக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னதே 2008 ஜூனில், ஹெல்லர் வழக்கில்தான். தீர்ப்பு 5-க்கு 4. ஒரு நீதிபதி மாறினால் போதும், கதை மாறிவிடலாம். நீதிபதிகளை நியமிப்பவர் அதிபர். ஒபாமா 2009-இல் முதல் வாய்ப்பில் சோனியா சோட்டோமேயரை நியமித்தார். அடுத்த ஆண்டே சிகாகோ நகரத் துப்பாக்கித் தடை பற்றிய வழக்கில் அவர் துப்பாக்கி உரிமைக்கு எதிரான அணியில் இருந்தார். ஆக, பயந்தவர்களை வெறும் வதந்திக்கு மயங்கியவர்கள் என்று தள்ளிவிட முடியாது.

ஒபாமாவே ஊற்றிய எண்ணெயும் உண்டு. 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நிதி திரட்டும் கூட்டத்தில், வேலை போன சிறுநகரத்து மக்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். அறையில் இருந்தவர்களுக்கு அது அனுதாபமான விளக்கமாகக் கேட்டிருக்கலாம். பென்சில்வேனியாவில் வேட்டைக்காலம் தொடங்கும் நாளுக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? உங்கள் பிடிப்பு எல்லாம் ஒரு நோயின் அறிகுறி என்று யாரோ மருத்துவர் சொன்னதுபோல. அடுத்து 2009 பிப்ரவரி 25-ஆம் தேதி புதிய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், 2004-இல் காலாவதியான தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை மீண்டும் கொண்டுவர விரும்புவதாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். போதாதா?

ஆனால் அந்தத் தடையைக் கண்டு துப்பாக்கிக்காரர்களைவிட அதிகம் நடுங்கியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். 1994-இல் கிளின்டன் காலத்தில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய சில வாரங்களில் நடந்த தேர்தலில் அவர்கள் 54 இடங்களை இழந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கையில் இருந்த பிரதிநிதிகள் சபை பறிபோனது. சபாநாயகர் டாம் ஃபோலியே தன் தொகுதியில் தோற்றார். அந்தச் சூடு ஆறவில்லை. ஹோல்டர் பேசி மூன்று வாரத்துக்குள் 65 ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சேர்ந்து, அப்படி ஒரு எண்ணம் வேண்டாம் என்று அவருக்குக் கடிதம் எழுதினார்கள். பேச்சு அத்தோடு அடங்கிப்போனது.

முதல் ஆண்டில் துப்பாக்கி விஷயத்தில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் என்று பார்த்தால் அது எதிர்த்திசையில் போகிறது. கடன் அட்டை நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மசோதாவில், ஓக்லஹோமாவின் குடியரசுக் கட்சி செனட்டர் டாம் கோபர்ன் ஒரு வாலைக் கட்டிவிட்டார்: தேசியப் பூங்காக்களுக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு போகலாம். அதுவரை ரீகன் காலத்து விதிப்படி அங்கே துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், எட்டாத இடத்தில் கட்டி வைத்துத்தான் எடுத்துப்போக வேண்டியிருந்தது. கடன் அட்டைச் சட்டம் கட்டாயம் வேண்டும் என்பதால் ஒபாமா 2009 மே 22-ஆம் தேதி வாலோடு சேர்த்தே கையெழுத்திட்டார். அதே ஆண்டு முடிவில் ஆம்டிராக் ரயில்களில் சரக்குப் பெட்டியில் துப்பாக்கி கொண்டுபோக வழிசெய்யும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் போராடும் பிரேடி இயக்கம் 2010 ஜனவரியில் அவருக்கு மதிப்பெண் அட்டை போட்டது. எல்லாப் பாடத்திலும் ஃபெயில்.

வரியில் நடந்தது இதைவிட விசித்திரம்.

2009 பிப்ரவரி 19 காலை, சிகாகோ முன்பேரச் சந்தைத் தளத்தில் நின்றபடி சி.என்.பி.சி. செய்தியாளர் ரிக் சான்டெல்லி நேரலையில் வெடித்தார். வீட்டுக்கடன் கட்டத் திணறுபவர்களுக்கு உதவ 7,500 கோடி டாலர் திட்டத்தை முந்தின நாள்தான் ஒபாமா அறிவித்திருந்தார். கூடுதலாக ஒரு குளியலறை வைத்து வீடு கட்டிவிட்டுக் கடனைக் கட்ட முடியாத பக்கத்து வீட்டுக்காரனுக்கு உங்களில் எத்தனை பேர் பணம் கட்டத் தயார் என்று தளத்தில் இருந்த தரகர்களைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று கூச்சல் எழுந்தது. சிகாகோவில் ஒரு டீ பார்ட்டி நடத்தப்போவதாக அவர் சொன்னதும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏப்ரல் 15, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள். அன்று நூற்றுக்கணக்கான ஊர்களில் மக்கள் டீ பையைத் தொப்பியில் தொங்கவிட்டுத் தெருவில் நின்றார்கள். வெள்ளை மாளிகை எதிரே பத்து லட்சம் டீ பைகளைக் கொட்டப் போனவர்களுக்குக் கொட்டுவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. அரசாங்கக் கெடுபிடியை எதிர்க்கப் போய் அரசாங்க அனுமதி இல்லாமல் டீயோடு திரும்பினார்கள்.

டீ பார்ட்டி என்ற பெயர் 1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவுக்குப் போகிறது. பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களில் ஏறி 342 தேயிலைப் பெட்டிகளைக் குடியேற்றவாசிகள் கடலில் கொட்டிய இரவு. வரி உயர்வை எதிர்த்த போராட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஆண்டு வந்த தேயிலைச் சட்டம் அமெரிக்காவில் தேயிலை விலையைக் குறைத்தது. தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்த அதே கம்பெனி. வங்காளப் பஞ்சத்துக்கும் லண்டன் கடன் நெருக்கடிக்கும் பிறகு கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்திருந்தது. விழுந்தால் பலரையும் இழுத்துக்கொண்டு விழும் என்பதால் பிரிட்டிஷ் அரசு அதற்குக் கடன் கொடுத்தது. கிடங்கில் தேங்கிய தேயிலையை நேரடியாக அமெரிக்காவில் மலிவாக விற்கவும் வழிசெய்தது. பழைய வரி மட்டும் அப்படியே இருந்தது. டீ மலிந்தது, கோபம் கொதித்தது. எங்களைக் கேட்காமல் போட்ட வரி மலிவான டீக்குள் மறைந்து வருகிறது, எங்கள் வியாபாரிகளை ஒழித்து உங்கள் கம்பெனியைக் காப்பாற்றுகிறீர்கள் என்பதே அவர்கள் குற்றச்சாட்டு. கடத்தல் தேயிலை விற்றவர்களின் வயிற்றெரிச்சலும் அதில் கலந்திருந்தது என்பதைப் பாஸ்டன்காரர்கள் அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள்.

2009-க்கும் இந்தக் கதை அச்சு அசலாகப் பொருந்துகிறது. பிப்ரவரி 17-ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்ட 78,700 கோடி டாலர் பொருளாதார ஊக்கச் சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூட வாக்களிக்கவில்லை. ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரிக் குறைப்பு. வேலை பார்ப்பவருக்கு ஆண்டுக்கு 400 டாலர், கணவன் மனைவிக்குச் சேர்த்து 800 டாலர். முந்தைய ஆண்டு புஷ் அரசு ஆளுக்கு 600 டாலர் வரை காசோலையாக அனுப்பியபோது பலர் அதைச் செலவழிக்காமல் கடனை அடைத்தார்கள். இம்முறை வாரம் பத்து டாலர் அளவில் சம்பளத்தோடு சேர்ந்து கசிந்து வந்தால் கைச்செலவாகப் போய்ப் பொருளாதாரம் ஓடும் என்பது நிபுணர்களின் யோசனை. பொருளாதாரத்துக்கு நல்லது, அரசியலுக்குத் தற்கொலை. 2010 பிப்ரவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் நியூயார்க் டைம்ஸும் நடத்திய கருத்துக்கணிப்பில், ஒபாமா வரியைக் குறைத்தார் என்று சொன்னவர்கள் 12 சதவீதம். கொடுப்பதைக் கொட்டு முழக்கத்தோடு கொடுக்க வேண்டும் என்ற பாடம் எந்தப் பஞ்சாயத்துத் தலைவருக்கும் தெரியும்; ஹார்வர்டில் படித்தவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்காக, கோபப்பட்டவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டுவது தவறு. இரண்டரை லட்சம் டாலருக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு எந்த வகை வரியும் உயராது என்று தேர்தல் நேரத்தில் ஒபாமா வாக்குக் கொடுத்திருந்தார். பதவியேற்ற பதினைந்தாம் நாள், குழந்தைகளின் மருத்துவக் காப்பீட்டுக்காகப் புகையிலை வரியை உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு 39 சென்ட்டாக இருந்த மத்திய வரி ஏப்ரல் 1 முதல் 1.01 டாலர். தாளில் உருட்டிப் புகைக்கும் தூள் புகையிலைக்கோ ஒரு பவுண்டுக்கு 1.10 டாலர் அளவில் இருந்தது ஒரே தாவலில் 24.78 டாலர். உருட்டிப் புகைப்பவர் பெரும்பாலும் பாக்கெட் வாங்கக் காசில்லாதவர். நோக்கம் நல்லதாக இருக்கலாம். வாக்கு வாக்குதானே என்று கேட்டால் பதில் இல்லை.

அதைவிடப் பெரிய வாதம் நாளைய வரி பற்றியது. இன்று கடன் வாங்கிச் செலவழித்தால் நாளை யார் கட்டுவது? 2009 நிதியாண்டின் பற்றாக்குறை 1.4 லட்சம் கோடி டாலர். அதில் பெரும்பகுதி ஒபாமா தலையில் விழ வேண்டியது அல்ல. அவர் பதவியேற்கும் முன்பே, அந்த ஆண்டு 1.2 லட்சம் கோடி துண்டு விழும் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணித்திருந்தது. வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டவர் புஷ். பழமைவாதிகளின் கோபம் சொந்தக் கட்சியையும் விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யூட்டா மாநிலத்தின் பாப் பென்னட் மூன்று முறை செனட்டர், பழமைவாதி. முக்கியமாக வங்கி மீட்புச் சட்டத்துக்கு வாக்களித்த பாவத்துக்காக 2010 மே மாதம் அவரது கட்சி மாநாடே அவருக்குச் சீட்டுக் கிடைக்காமல் செய்தது. எதிர்க்கட்சி என்பதற்காக மட்டும் கத்தியவர்கள் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது மனத்தாங்கல் அதிபரின் கை நீளுவது பற்றி. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அதிபர் தானே பிறப்பிக்கும் உத்தரவுக்கு நிர்வாக ஆணை என்று பெயர். குவான்டனாமோ சிறையை மூடு, வெளிநாடுகளில் கருக்கலைப்பு ஆதரவு அமைப்புகளுக்கான நிதித் தடையை நீக்கு என்று முதல் வாரத்திலேயே ஒபாமா உத்தரவுகளில் கையெழுத்திட்டார். ஆட்சி மாறினால் இது வழக்கம்தான். பழமைவாதிகளை உலுக்கியது வேறு. மார்ச் மாத இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வேகனர் பதவி விலகினார். அரசுக் கடன் வேண்டுமானால் அவர் போக வேண்டும் என்று வெள்ளை மாளிகை சொன்னதால் விலகினார். ஒரு தனியார் கம்பெனித் தலைவரை அதிபர் வீட்டுக்கு அனுப்புவதா? ஜூனில் திவால் மனுக் கொடுத்த கம்பெனி பின்னர் மீண்டபோது அதன் 60 சதவீதப் பங்கு அரசிடம் இருந்தது. ஜி.எம். என்றால் 'கவர்ன்மென்ட் மோட்டார்ஸ்' என்று கேலி ஊரெல்லாம் ஓடியது.

ஆனால் ஆழமான கேள்வி கிரைஸ்லரில் எழுந்தது. சொத்தை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுத்தவருக்குக் கம்பெனி திவாலானால் முதல் உரிமை என்பது வணிகச் சட்டத்தின் அரிச்சுவடி. கிரைஸ்லருக்கு அப்படிக் கொடுத்த கடன் 690 கோடி டாலர். அரசு வகுத்த திட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது டாலருக்கு 29 சென்ட். ஈடு ஏதும் இல்லாத தொழிற்சங்க மருத்துவ நிதிக்கோ புதிய கம்பெனியில் 55 சதவீதப் பங்கு. ஒத்துக்கொள்ளாத கடன்காரர்களை ஊகவணிகர்கள் என்று ஒபாமா சாடினார். அவர்களில் பெரிய முதலீட்டு நிதிகள் இருந்தது உண்மை. எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனதோ இந்தியானா மாநில ஆசிரியர், போலீஸ்காரர் ஓய்வூதிய நிதிகள். அவையும் அந்தக் கடன் பத்திரத்தை டாலருக்கு 43 சென்ட்டுக்குத்தான் வாங்கியிருந்தன என்பது அரசுத் தரப்பு சுட்டிக்காட்டிய விஷயம். 43-க்கு வாங்கினாலும் சட்டம் சட்டம்தானே என்பது மறுதரப்பு. ஜூன் 8-ஆம் தேதி நீதிபதி கின்ஸ்பர்க் விற்பனையை ஒரு நாள் நிறுத்திவைத்தார். மறுநாள் நீதிமன்றம் தடை தர மறுத்தது. கிரைஸ்லர் பிழைத்தது, ஆயிரக்கணக்கான வேலைகளும் பிழைத்தன. முறை சரிதானா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் கடைசிவரை பதில் எழுதவில்லை. பழமைவாதிகளின் புகார்ப் பட்டியலில் என்னவெல்லாமோ உண்டு. இந்த ஒன்று இன்றைக்கும் கனமாகவே இருக்கிறது.

பட்டியலில் 'ஜார்'களும் உண்டு. பருவநிலைக்கு ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர் என்று செனட் ஒப்புதல் தேவைப்படாத ஆலோசகர்களை வெள்ளை மாளிகையில் உட்காரவைப்பதைத்தான் ரஷ்யச் சக்கரவர்த்தியின் பெயரால் அப்படிச் சொன்னார்கள். நிக்சன் காலத்துக்கு முன்பிருந்தே வரும் பழக்கம். எனினும் இதைத் தொடக்கத்திலேயே கண்டித்து ஒபாமாவுக்குக் கடிதம் எழுதியவர் அவரது கட்சியின் மூத்த செனட்டர் ராபர்ட் பேர்ட்.

2009 ஏப்ரல் மாதம் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து முட்டின. வரி நாள் போராட்டத்துக்கு முந்தைய நாட்களில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அறிக்கை ஒன்று கசிந்தது. பொருளாதாரச் சரிவும் துப்பாக்கிக் கட்டுப்பாடு வரும் என்ற அச்சமும் வலதுசாரித் தீவிரவாதிகளுக்கு ஆள் பிடிக்க உதவும், போரிலிருந்து திரும்பும் வீரர்களையும் அவர்கள் குறிவைக்கலாம் என்றது அறிக்கை. காவல்துறையினருக்கு எச்சரிக்கையாக எழுதப்பட்டது. துப்பாக்கி வாங்கியவரும் வரியை எதிர்த்தவரும் ராணுவத்தில் இருந்து வந்தவரும் அதைப் படித்தபோது, அரசாங்கம் தங்களையே சந்தேகப் பட்டியலில் வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அமைச்சர் ஜேனட் நபோலிடானோ முன்னாள் வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் கடைகளில் இன்னும் கொஞ்சம் தோட்டா தீர்ந்திருந்தது.

2010 தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. 1994-ஐவிடப் பெரிய அடி. இம்முறை துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் எதுவும் போடாமலே வாங்கிய அடி. அந்த டிசம்பரில், பணக்காரர்களுக்கு முடித்துவைப்பேன் என்று சொல்லியிருந்த புஷ் காலத்து வரிச் சலுகையை ஒபாமா எல்லோருக்கும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்.

பயந்தவற்றில் சில பின்னால் வந்தன. வந்த வழிதான் வேறு. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், காப்பீடு எடுக்காதவர் கட்ட வேண்டியிருந்த அபராதம் வரியே கிடையாது என்று 2009-இல் ஒபாமா அடித்துச் சொன்னார். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை வரி என்று சொல்லித்தான் காப்பாற்றியது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் புஷ் நியமித்த தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். நிர்வாக ஆணைகளின் எண்ணிக்கையில் எட்டு ஆண்டுகளில் ஒபாமா புஷ்ஷைத் தாண்டவில்லை. ஆனால் சிறுவயதில் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட லட்சக்கணக்கானோரை வெளியேற்றுவதில்லை என்ற 2012-ஆம் ஆண்டு முடிவு, ஆணை என்ற பெயரே இல்லாத ஒரு துறைக் குறிப்பின் வழியே வந்தது. செனட் கூடவில்லை என்று தானே முடிவுசெய்து தொழிலாளர் வாரியத்துக்கு அவர் ஆள் போட்டது செல்லாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் 9-க்கு 0 என்று தீர்த்தது. அவர் நியமித்த இரு நீதிபதிகளும் அந்த ஒன்பதில் அடக்கம்.

துப்பாக்கி விஷயத்தில் ஒபாமா உண்மையாகவே களமிறங்கியது, கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 2012 டிசம்பர் 14-ஆம் தேதி 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு. பின்னணிச் சரிபார்ப்பை விரிவாக்கும் மசோதா 54 வாக்குகள் பெற்றும், 60 வேண்டும் என்ற செனட் நடைமுறையால் விழுந்தது. மறுபடி கடைகளில் கூட்டம், மறுபடி தோட்டாப் பஞ்சம். அவரது கடைசி ஆண்டான 2016-இல் சரிபார்ப்புகள் 2 கோடியே 75 லட்சம். துப்பாக்கிக்காரர்களின் நண்பர் டிரம்ப் வந்ததும் அவசரமாக வாங்க எவருக்கும் காரணம் இல்லாமல் போனது. 1816-இல் தொடங்கிய ரெமிங்டன் நிறுவனம் 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

அந்த ஆண்டின் இறுதியில் இன்னொன்றும் நடந்தது. துப்பாக்கியின் பின்கட்டைக்குப் பதிலாகப் பொருத்தினால், உதைப்பு விசையைப் பயன்படுத்திச் சரமாரியாகச் சுட வைக்கும் 'பம்ப் ஸ்டாக்' என்ற கருவி உண்டு. இது இயந்திரத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வராது என்று 2010-இல் எழுதிக்கொடுத்தது ஒபாமா காலத்து ஆயுதக் கட்டுப்பாட்டுத் துறை. 2017 அக்டோபரில் லாஸ் வேகாஸ் இசை நிகழ்ச்சியில் 60 பேரைச் சுட்டுக் கொன்றவன் அதைப் பயன்படுத்தினான். நாடாளுமன்றம் சட்டம் போடவில்லை. டிரம்ப் அரசு தன் அதிகாரத்தைக் கொண்டே அந்தக் கருவிக்குத் தடை விதித்தது. வைத்திருப்பவர் அழிக்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும், இழப்பீடு கிடையாது. 2009-இல் ஒபாமா செய்வார் என்று பயந்த காரியம் ஏறத்தாழ இதுதான்.

டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்துத் துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் தன் இரண்டு கருவிகளை ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்து சேர்ந்தபோது, டிரம்ப் போட்ட தடையைக் காப்பாற்ற வாதாடிக்கொண்டிருந்தது பைடன் அரசு. 2024 ஜூன் 14-ஆம் தேதி 6-க்கு 3 என்ற கணக்கில் தடை விழுந்தது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பில் துப்பாக்கி விசை எப்படி இயங்குகிறது என்று காட்டும் படங்களும் இருந்தன. அதை எதிர்த்து எழுதியவர், 2009-இல் ஒபாமா நியமித்த சோட்டோமேயர்.